வீட்டில் மிஞ்சிய காகிதங்கள்

திருப்பூரில் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் எல்லாக் காகிதத்துக்கும் இல்லை. நூல் வாங்கிய பில், சாயப்பட்டறைக்குத் துணி போன சலான், டெய்லர்களின் வாரச் சம்பளக் கணக்கு எல்லாம் வருஷக் கணக்காகக் கட்டுக் கட்டாகப் பரண்மேல் உட்கார்ந்திருக்கும். வரி அதிகாரி என்றைக்காவது வந்து கேட்பார் என்ற பயம் அவற்றைக் காப்பாற்றுகிறது. கடிதங்களைக் கேட்டு எந்த அதிகாரியும் வருவதில்லை. ஆகவே தாத்தா பாட்டிக்கு எழுதிய கடிதங்களும் மூலை மடிந்த கல்யாணப் போட்டோக்களும், வீடு மாற்றும்போதோ வெள்ளையடிக்கும்போதோ பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிடுகின்றன.

இதனால் என்ன குடி முழுகிப் போய்விட்டது என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் அது அந்தந்தக் குடும்பத்தின் சொந்த நஷ்டம்தான். ஆனால் அந்த வீட்டில் ஓர் எழுத்தாளன் வாழ்ந்திருந்தால் அது நமக்கும் நஷ்டம். தமிழில் எழுத்தாளர்களின் ஜீவிய சரித்திரங்கள் குறைவு. இருப்பவற்றிலும் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வேலை பார்த்த பத்திரிகை, எழுதிய நூல்களின் ஜாபிதா, மறைந்த தேதி என்ற அளவோடு நின்றுவிடுபவையே அதிகம். அந்த மனிதன் வீட்டில் எப்படிப் பேசினான், யாருக்காகக் கவலைப்பட்டான், சம்பளம் வராத மாதத்தில் என்ன சொல்லிச் சமாளித்தான் என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் புத்தகம் மௌனம் சாதிக்கும். சரித்திர ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கைக்கு வீட்டுக் காகிதங்கள் வந்து சேர்ந்திராது.

வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற பெயரில் 1994-ல் புத்தகமாக வந்தன. தொகுத்தவர் இளையபாரதி. அந்தப் புத்தகம் நமக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

புதுமைப்பித்தன் 1948-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். 1951-லேயே தொ. மு. சி. ரகுநாதனின் 'புதுமைப்பித்தன் வரலாறு' வெளிவந்துவிட்டது. ஓர் எழுத்தாளனைப் பற்றி அவனுடன் பழகிய இன்னோர் எழுத்தாளன் எழுதிய தமிழ்ச் சரித்திரங்களில், வ. ரா. 1944-ல் வெளியிட்ட 'மகாகவி பாரதியார்' நூலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது அது. அதில் வரும் புதுமைப்பித்தன் பேசுகிறார், சிரிக்கிறார், எதிரே இருப்பவரைக் கிண்டல் செய்கிறார், வறுமையை அலட்சியமாகத் தூக்கி எறிகிறார். பின்னால் வந்த நாம் எல்லோரும் அந்த முகத்தையே புதுமைப்பித்தனின் முகம் என்று வரித்துக்கொண்டோம். அது பொய் முகம் இல்லை. ஆனால் நண்பனின் கண்ணில் படும் முகம் அது. அந்தக் காலத்துத் தமிழ் வீட்டில் நண்பன் எவ்வளவு நெருங்கியவனானாலும் கூடத்தோடு சரி. அடுக்களை வரைக்கும் அவனுக்குப் போக்குவரத்து கிடையாது.

அடுக்களைப் பக்கத்துக் கதவு 43 வருஷங்கள் கழித்துத் திறந்தது. கமலா திருவனந்தபுரத்துப் பெண். புருஷன் சென்னையில் பத்திரிகை வேலையோடு போராடிக்கொண்டிருந்த காலங்களில் அவர் பிறந்த வீட்டில் இருக்க நேர்ந்தது பல தடவை. புதுமைப்பித்தன் 'தினமணி'யில் இருந்தார், 1943-ல் டி. எஸ். சொக்கலிங்கம் அங்கிருந்து விலகியபோது அவரும் விலகினார். பிறகு 'தினசரி', பிறகு சினிமா, கடைசியில் 'ராஜமுக்தி' படத்துக்காகப் பூனா. இந்த அலைச்சலுக்கு நடுவே எழுதப்பட்டவைதான் கடிதங்கள். பணம் அனுப்ப முடியாத சங்கடம், சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன் என்ற வாக்கு, உடம்பைப் பார்த்துக்கொள் என்ற கவலை, பிரிவின் ஏக்கம் ஆகிய இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. உலகத்தையே எள்ளி நகையாடியவர் என்று நாம் நினைத்திருந்த மனிதர், மனைவிக்கு எழுத உட்கார்ந்தால் கண்மணி என்று கொஞ்சத்தான் செய்கிறார். வேறு யாராவது இப்படி எழுதி அவர் கையில் கிடைத்திருந்தால் நிச்சயம் கேலி செய்திருப்பார்.

இதைப் படித்த உடனே நம்மவர்களுக்கு ஒரு சபலம் தட்டுகிறது. கடிதத்தை ஒரு கையிலும் கதையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஜோடி சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். 'செல்லம்மாள்' கதையை எடுத்துக்கொள்வோம். 1943-ல் வந்தது. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். அவர் மனைவி செல்லம்மாள் தீராத நோயாளி. நாள் முழுதும் பிறருக்குத் துணி எடுத்துப் போட்டுவிட்டு, தன் வீட்டுக்கு ஒரு புடவை எடுப்பதென்றால் கணக்குப் பார்க்க வேண்டிய வாழ்க்கை; எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கதை அவள் சாவில் தொடங்குகிறது. செல்லம்மாள்தான் கமலா, பிரமநாயகம் பிள்ளைதான் புதுமைப்பித்தன் என்று சொல்லிவிட்டால் விமர்சகனின் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் கமலா சாகவில்லை. கணவருக்குப் பிறகு நாற்பது வருஷங்களுக்கு மேல் இருந்தார்.

கடிதம் இதைவிட நுட்பமான ஒரு விஷயத்தைச் சொல்கிறது. கடிதம் எழுதிய புருஷன் தொலைவில் உட்கார்ந்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுகிறான். அதற்கு மேல் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. கதையில் வரும் புருஷன் பக்கத்திலேயே இருக்கிறான். அடுப்பு மூட்டுகிறான், வெந்நீர் வைக்கிறான், தூக்கி உட்கார வைக்கிறான். பிரிந்திருந்தவன் செய்ய முடியாமற் போன பணிவிடைகளைக் கதையில் செய்து பார்த்தான் என்று ஒருவர் சொன்னால், நான் மறுக்க மாட்டேன். நிரூபிக்கவும் புறப்பட மாட்டேன். கடிதத்தை வைத்துக்கொண்டு கதையின் ஆணிவேர் எந்தப் பக்கம் ஓடியது என்று ஊகிக்கலாம். செடி ஏன் இப்படிப் பூத்தது என்பதற்குக் கதையைத்தான் படிக்க வேண்டும்.

இங்கே வீட்டுக் கடிதங்களின் அடிப்படைக் குணம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேர்ந்திருப்பவர்கள் கடிதம் எழுதிக்கொள்வதில்லை. கடிதம் இருக்கிறது என்றாலே அன்றைக்குப் பிரிந்திருந்தார்கள் என்று அர்த்தம். ஆகவே கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை வர்ணிப்பவர், எப்போதும் வெளியூரில் இருக்கிற ஒரு புருஷனையும் எப்போதும் மணியார்டரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனைவியையும்தான் வர்ணிப்பார். இருவரும் ஒரே வீட்டில் இருந்து காபிக்காகச் சண்டை போட்ட நாட்களுக்கும், சேர்ந்து சிரித்த நாட்களுக்கும் காகிதம் கிடையாது. பனியன் கம்பெனியின் கட்டிங் மேஜையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உடம்பும் கையும் வெட்டி எடுத்தபின் மேஜையில் மிஞ்சுவது கட்டிங் வேஸ்ட். அதன் ஓரங்களைப் பார்த்து, இது கழுத்து, இது கை என்று அனுபவசாலி சொல்லிவிடுவார். ஆனால் பனியன் அங்கே இல்லை; அதை யாரோ அணிந்துகொண்டு போய்விட்டார்கள்.

இது தெரிந்த சரித்திர ஆசிரியர் என்ன செய்வார்? கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்குவார். தேதி போடாத கடிதமென்றால் உறையைத் தேடித் தபால் முத்திரையைப் பார்ப்பார். உறையும் போயிருந்தால், கடிதத்தில் வரும் பண்டிகை, சம்பளத் தேதி, இன்ன பத்திரிகையில் கதை வந்திருக்கிறது என்ற செய்தி ஆகியவற்றைக் கொண்டு மாதத்தைக் கண்டுபிடிப்பார். அப்படி அடுக்கிய பிறகு, இருக்கும் கடிதங்களைவிட நடுவே இல்லாத மாதங்களைக் கூர்ந்து பார்ப்பார். அந்த இடைவெளியில் தம்பதிகள் சேர்ந்திருந்திருக்கலாம். அல்லது ஒரு கட்டு தொலைந்து போயிருக்கலாம். இரண்டும் மேஜைமேல் ஒரே மாதிரிதான் தெரியும். எது எது என்று பிரித்தறிய வேறு சாட்சி வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. 'கண்மணி கமலாவுக்கு' என்ற புத்தகத்தில் பேசுவது ஒரு குரல்தான். கமலா என்ன கேட்டார், எதற்குக் கோபித்துக்கொண்டார் என்பதைப் பதிலிலிருந்து நாம் யூகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கதி நமக்கு மட்டும் வந்ததல்ல. காப்கா 1912 முதல் 1917 வரை பெலிஸ் பாயர் என்ற பெண்ணுக்கு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதினான். இரண்டு தடவை நிச்சயதார்த்தம் நடந்தது, கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பெண் நாடு விட்டு நாடு போனபோதும் கடிதங்களைப் பத்திரமாக எடுத்துப் போனாள். 1955-ல் ஒரு பதிப்பாளருக்கு விற்றாள். 1967-ல் அவை புத்தகமாயின. அவள் அவனுக்கு எழுதியவை மிஞ்சவில்லை. எழுத்தாளன் தனக்கு வந்ததைத் தொலைக்கிறான். அவனுக்கு வாய்த்த பெண் தனக்கு வந்ததைக் காப்பாற்றுகிறாள். உலகம் முழுவதும் வழக்கம் இப்படித்தான் போலும்.

காப்பாற்றுகிறவர் சும்மா காவல் காப்பவர் அல்லர். எது இருக்கலாம், எது போகலாம் என்று முதலில் தீர்மானிப்பவர் அவர். ஜேன் ஆஸ்டின் 1817-ல் இறந்தாள். அக்காள் கசாண்ட்ரா, தான் கண்ணை மூடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் தங்கையின் கடிதங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டாள். மிச்சம் வைத்த சிலவற்றிலும் சில வரிகளைக் கத்தரித்தாள். இன்று இருப்பவை சுமார் 160. அந்த நாவலாசிரியையின் வாழ்க்கையை எழுதுகிற ஒவ்வொருவரும் கசாண்ட்ரா விட்டுவைத்த இடத்தில்தான் நடமாட முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், ஜேன் ஆஸ்டினின் முகம் நமக்குத் தெரிவதும் அதே அக்காள் வரைந்த ஒரு சிறு படத்தினால்தான்.

படம் என்றதும் பாரதி நினைவுக்கு வருகிறார். அவருடைய புகைப்படங்களாக நமக்குக் கிடைத்தவை ஐந்தே ஐந்து. ரா. அ. பத்மநாபன் ஊர் ஊராக அலைந்து படங்களும் கடிதங்களும் சேகரித்து 1957-ல் 'சித்திர பாரதி'யைக் கொண்டுவந்தார். நாம் சுவரில் மாட்டுவது முண்டாசும் மீசையுமாக உள்ள ஒற்றை முகத்தை. ஆனால் புதுவையில் எடுத்த படங்களில் செல்லம்மாள் இருக்கிறார். குடும்பப் படத்தில் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். சரித்திர ஆசிரியருக்கு அந்தக் குழந்தைகள் பெரிய உபகாரம் செய்கிறார்கள். மூத்தவள் தங்கம்மாள் 1904-ல் பிறந்தவள். இளையவள் சகுந்தலா 1908-ல் பிறந்தவள். படத்தின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதாவிட்டாலும், சின்னப் பெண்ணின் உயரத்தைப் பார்த்தே ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லலாம். ஒற்றை முகப் படத்தில் இந்தக் காலண்டர் கிடையாது.

ஆனால் புகைப்படத்தையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. அந்த நாளில் ஸ்டுடியோவுக்குப் போவதே ஒரு விசேஷம். இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் நிற்க வேண்டும். அன்று காலையில் அடுப்பு மூட்டினார்களா என்பது படத்தில் தெரியாது. கடிதம் பிரிந்திருந்த நாளைச் சொல்லும். புகைப்படம் விசேஷ நாளைச் சொல்லும். ஒரு மனிதனின் ஆயுளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சாதாரண நாட்களில் அல்லவா கழிகிறது? வீட்டில் இருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு வாரி இறைத்தார் என்பது இன்று தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். அதை எந்தப் படமும் எடுக்கவில்லை. அன்று என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்ற வீட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரியும். 1941-ல் வந்த 'பாரதியார் சரித்திரம்' செல்லம்மாள் சொன்னது. 1951-ல் அவர் வானொலியிலும் கணவரைப் பற்றிப் பேசினார். காகிதத்தில் விழாத நாட்களை அந்த அம்மாள் வாயால் மீட்டுக் கொடுத்தார்.

அதற்காகக் கடிதத்தின் மதிப்பு குறைந்துவிடாது. பாரதி 1918-ல் தம் தம்பி விசுவநாதனுக்கு எழுதிய கடிதத்தில், இனிமேல் எனக்கு இங்கிலீஷில் எழுதாதே, கொச்சையாக இருந்தாலும் தமிழிலேயே எழுது என்று கேட்டுக்கொள்கிறார். மேடையில் தமிழ் தமிழ் என்று பேசிவிட்டு வீட்டில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய பெரிய மனிதர்கள் நம் நாட்டில் ஏராளம். ஒருவருடைய கொள்கை அவர் வீட்டு வாசற்படி தாண்டி உள்ளே போயிற்றா என்று சோதிக்க வேறு கருவி இல்லை. வீட்டுக் கடிதம் ஒன்றுதான் உண்டு. மேடைப் பேச்சு நாலு பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்து பேசியது. தம்பிக்கு எழுதியது தம்பி மட்டும் படிக்க.

அப்படியானால், தம்பி மட்டும் படிக்க எழுதியதை, மனைவி மட்டும் படிக்க எழுதியதை, ஊரார் படிக்கலாமா? நியாயமான கேள்வி. கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர் மனமுவந்து கொடுத்தால் படிக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் படிக்கிறவனுக்கும் ஒரு மரியாதை வேண்டும். 'கண்மணி கமலாவுக்கு' வந்த பிறகு அதிலிருந்து வறுமை பேசும் வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, பாருங்கள், தமிழன் தன் மேதைகளைப் பட்டினி போட்டான் என்று கண்ணீர் வடிப்பது சுலபமாகிவிட்டது. பட்டினி உண்மைதான். ஆனால் புதுமைப்பித்தன் அந்த வரிகளை எழுதியது பரிதாபத்தைத் தேடி அல்ல. பணம் ஏன் தாமதமாகிறது என்று பொறுப்புள்ள புருஷன் சொல்லும் சமாதானம் அது. சமாதானத்தைப் புலம்பலாக்கிப் படிப்பது மற்றவர் கடிதத்தைத் திருடிப் படிப்பதைவிட மோசமான காரியம்.

இதைவிடவும் என்னை உறுத்துவது, கமலா என்ற பெண்மணியை நாம் நடத்தும் விதம். அவர் பெயர் புத்தகத்தின் மேலட்டையில் இருக்கிறது. உள்ளே போனால், கடிதம் வந்து விழுந்த தபால் பெட்டியாக மட்டுமே அவரை நினைக்கிறோம். கமலா விருத்தாசலம் என்ற பெயரில் அவர் சிறுகதைகள் எழுதியவர். 'காசுமாலை' என்ற தொகுதியும் உண்டு. கணவரைப் பற்றியும் நினைவுக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். கதை எழுதத் தெரிந்த ஒருத்தி, கதை எழுதும் புருஷனின் கடிதங்களை இத்தனை காலம் வைத்திருந்தாள் என்றால், எதை வைத்திருக்கிறோம் என்று தெரிந்துதான் வைத்திருந்தாள். புதுமைப்பித்தனின் முழுச் சரித்திரத்தை இனி எழுதப்போகிறவர் ரகுநாதனின் நினைவு, கணவரின் கடிதம், மனைவியின் எழுத்து ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று மற்றொன்றை எங்கே மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகிற இடத்தைவிட முரண்படுகிற இடத்தில்தான் மனிதன் அகப்படுவான்.

எங்கள் பக்கத்து எழுத்தாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1942-ல் 'நாகம்மாள்' எழுதிய ஆர். ஷண்முகசுந்தரம் கீரனூரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று திருப்பூர் ஜில்லாவில் இருக்கிறது. கொங்கு நாட்டுக் குடியானவர்களின் பேச்சை நாவலில் ஏற்றியவர் என்று எல்லோரும் அவரைப் புகழ்கிறோம். கோயமுத்தூரில் சகோதரர் திருஞானசம்பந்தத்தோடு சேர்ந்து பத்திரிகையும் பதிப்பகமும் நடத்தினார். ஒரே ஊரில், ஒரே காரியாலயத்தில் இருக்கிற அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் என்ன கடிதம் எழுதப்போகிறார்கள்? இப்படிப்பட்டவரின் சரித்திரத்தை எழுத முனைகிறவர் கடிதக் கட்டைத் தேடிக் காத்திருக்கக் கூடாது. அச்சுக்கூடத்துக் கணக்கு, உறவினர் வீட்டுக் கல்யாணப் போட்டோவில் ஓரமாக நிற்கும் முகம், காட்டு வேலை செய்த பண்ணையத்தார் வீட்டுப் பேச்சு என்று வேறு திசைகளில் போக வேண்டும். கடிதம் இல்லாதது அன்பு இல்லாததற்கு அடையாளம் ஆகாது. அநேகமாக அதற்கு நேர் எதிரான அடையாளம்.

இப்போது கடிதம் எழுதும் வழக்கமே போய்விட்டது. இன்றைய எழுத்தாளன் மனைவியோடு கைபேசியில் பேசுகிறான்; கைபேசியை மாற்றும்போது பேச்சும் போட்டோவும் சேர்ந்து போகின்றன. நாளைய சரித்திர ஆசிரியரின் பாடு இன்னும் கஷ்டம். ஆகையால் இருக்கிற பழங்காகிதத்தின் அருமை கூடத்தான் செய்கிறது. உங்கள் வீட்டில் எழுத்தாளர் யாரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஓர் எழுத்தாளரோடு படித்தவர், அவருக்கு வாடகைக்கு வீடு விட்டவர், அவர் பத்திரிகையில் அச்சுக் கோத்தவர் இருந்திருக்கக் கூடும். தராசில் ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையை எறியாதீர்கள். தேதி உறையில்தான் இருக்கும். போட்டோவின் பின்பக்கத்தில், பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, இடமிருந்து வலமாக யார் யார் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். அந்தப் பெரியவர்கள் பேச விரும்பினால் உட்கார்ந்து கேளுங்கள். காகிதம் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.